வாசகர் கேள்வி – பதில்: படத்தைப் பார்த்து ஊரைச் சொல்வது எப்படி?

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன், ஏதோ ஒரு சாலையின் படத்தைப் பார்த்து அது எந்த நாடு என்று கண்டுபிடிக்கும் கணினி விளையாட்டில் மணிக்கணக்கில் மூழ்கிக் கிடக்கிறான். பெயர்ப்பலகையே இல்லாத படத்துக்குக்கூடச் சரியாக விடை சொல்கிறான். இது எப்படிச் சாத்தியம்?
– வாசகி ஒருவர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: உங்கள் மகன் ஆடுவது ‘ஜியோகெஸ்ஸர்’ அல்லது அதைப் போன்ற ஒன்றாக இருக்க வேண்டும். சுவீடனைச் சேர்ந்த ஆன்டன் வாலேன் 2013-ல் உருவாக்கிய இந்த விளையாட்டு, தெருக்களைச் சுற்றிப் பார்க்கும்படி எடுத்து வைத்திருக்கும் கூகுளின் ‘ஸ்ட்ரீட் வியூ’ படங்களுக்கு நடுவே ஆடுபவரை இறக்கிவிட்டு, தான் நிற்கும் இடத்தை உலக வரைபடத்தில் குறிக்கச் சொல்கிறது. சுற்றுக்கு 5,000 வீதம் ஐந்து சுற்றுகளுக்கு 25,000 புள்ளிகள். திருடனைத் துரத்திக்கொண்டு நாடு நாடாகச் செல்லும் ‘கார்மென் சான்டியேகோ’ என்ற துப்பறியும் விளையாட்டு 1985-லேயே வந்துவிட்டது. அதில் தடயங்கள் எழுத்தில் கிடைத்தன; இதில் அவற்றைத் தெருவிலிருந்து நாமே பொறுக்கிக்கொள்ள வேண்டும்.

பெரிய கோயிலோ கோபுரமோ கண்ணில் படும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றந்தான். மின்கம்பம், சாலைக்கோடு, நடைபாதை ஓரக்கல்லின் வண்ணம், வண்டிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பது போன்ற, நாம் தினமும் தாண்டிப் போகிறவைதான் இங்கே சாட்சிகள். தமிழ் எழுத்தைக் கண்டதும் நம்மூர்தான் என்று துள்ளிக் குதித்து, பக்கத்திலேயே சிங்கள எழுத்து இருந்ததைக் கவனிக்காமல் கோட்டைவிட்டவன் நான். அண்டை வீட்டுச் சிறுவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

நிழலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நண்பகல் சூரியன் தெற்கே தெரிந்தால் வட அரைக்கோளம், வடக்கே தெரிந்தால் தென் அரைக்கோளம் என்பது இந்த விளையாட்டில் முதலில் கற்கும் பாடம். ஆனால் சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நமக்கு நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. ஜூன் 21 அன்று காசிமேட்டில் 6 மீட்டர் உயரக் கம்பம் ஒன்றின் நண்பகல் நிழல், தெற்கு நோக்கி ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலாக விழும். அந்தப் படத்தைப் பார்க்கும் வெளிநாட்டுக்காரர் தென் அரைக்கோளத்தில் எங்காவது குறியை வைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அடுத்த ஜூனில் மகனை மொட்டை மாடியில் ஒரு கழியை நட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இடைவெளிக்குப் பிறகு 2022 ஜூலையில் இந்தியாவில் ஸ்ட்ரீட் வியூ மீண்டும் வந்தபோது, முதல் பத்து நகரங்களில் சென்னையும் ஒன்று. முகங்களையும் வண்டி எண்களையும் மங்கலாக்கி விடுகிறார்கள் என்றாலும், கடைப்பலகையின் கீழ் வரியில் ‘சென்னை-21’ என்றிருந்தால் அது உங்கள் வண்ணாரப்பேட்டை, ‘சென்னை-13’ என்றால் இராயபுரம் என்று உங்கள் மகனால் ஒரு நொடியில் சொல்லிவிட முடியும். அங்கே உலகச் சாம்பியனே வந்தாலும் அவனிடம் தோற்கத்தான் வேண்டும்.

கேள்வி: அப்படியானால், நம் வீட்டுப் பால்கனியில் எடுத்த படத்தை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்களா?
– வாசகர் ஒருவர், திருவொற்றியூர்

பதில்: முயன்றால் முடியும். உங்கள் படத்தின் ஓரத்தில் மெட்ரோ பாலத்தின் தூண் ஒன்றும், தொலைவில் அனல் மின் நிலையப் புகைபோக்கியும் விழுந்திருந்தால், 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட பாதையை ஒட்டியே தேடினால் போதும்; புகைபோக்கி தூணுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை வைத்துத் தெருவையும் நெருங்கிவிடலாம். இதைவிட எளிய வழி ஒன்றும் உண்டு: கைபேசியின் கேமரா அமைப்பில் இருப்பிடம் இயக்கத்தில் இருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படக்கோப்புக்குள்ளேயே பதிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தப் பதிவு நீங்கிவிடுகிறது. ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்து அனுப்பினால் அப்படியே போய்ச் சேர்கிறது. கேமரா அமைப்பில் அதை இன்றே அணைத்து வையுங்கள். பால்கனிப் படங்களைத் தெருப் பக்கமாக எடுக்காமல் சுவர்ப் பக்கமாக எடுங்கள்.