ஆறு படுக்கைக்கு எத்தனை நர்ஸ்?

கேள்வி: எங்கள் அறக்கட்டளை மருத்துவமனையில் ஆறு படுக்கை ஐ.சி.யூ. தொடங்குகிறோம். மூன்று வென்டிலேட்டர் வாங்கியாயிற்று. ஷிப்டுக்கு மூன்று நர்ஸ் போதும் என்கிறார் நிர்வாகி. சரிதானா?
- அறங்காவலர் ஒருவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: போதாது. வென்டிலேட்டரில் இருப்பவருக்குத் தனியாக ஒரு நர்ஸ். மற்றவர்களில் இருவருக்கு ஒருவர். மூன்றும் இரண்டும் ஐந்து. படுக்கைப் பொறுப்பு இல்லாத சார்ஜ் நர்ஸ் ஒருவரும் வேண்டும். சாப்பிடப் போனவரின் படுக்கையை, ஸ்கேனுக்கு நோயாளியோடு போனவரின் படுக்கையை வேறு யார் பார்ப்பது? ஆக, ஷிப்டுக்கு ஆறு பேர். இரவிலும் ஆறுதான்.

அதற்காக, மூன்று ஷிப்டுக்கு ஆறாறு என்று 18 பேரை மட்டும் வேலைக்கு எடுத்தால், ரோஸ்டர் (டியூட்டி அட்டவணை) முதல் மாதமே உடைந்துவிடும். வாரத்துக்கு 21 ஷிப்ட். ஒருவர் பார்ப்பது ஆறு. வகுத்தால் 3.5. விடுப்பு, காய்ச்சல், பயிற்சிக்கு 30 சதவீதம் கூட்டினால் ஓர் இடத்துக்கு ஏறக்குறைய 4.5 பேர், ஆறு இடத்துக்கு 27. டியூட்டி டாக்டருக்கும் ஓர் இடத்துக்கு இதே கணக்குதான். கேஷுவாலிட்டி டாக்டரையே ராத்திரி ஐ.சி.யூ.வுக்கும் சேர்த்துப் போடாதீர்கள்.

ஆள் குறைந்தால் என்ன ஆகும்? பிரஷரைத் தூக்கி நிறுத்தும் நார்அட்ரினலின் மருந்து 50 மில்லி சிரிஞ்சில், பம்ப் வழியாக மணிக்கு 10 மில்லி ஓடுகிறது என்று வையுங்கள். ஐந்து மணி நேரத்தில் தீரும். நிறுத்தினால் சில நிமிடங்களில் மருந்தின் பலம் போய்விடும். எனவே தீருமுன்பே அடுத்த சிரிஞ்சைக் கலந்து, லேபிள் ஒட்டி, இரண்டாவது பம்பில் ஓடவிட்ட பிறகே பழையதை நிறுத்த வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் படுக்கையில் தொண்டையில் போட்ட மூச்சு டியூபில் சளி அடைத்தால், நர்ஸ் அதை உறிஞ்சியெடுக்கும் சக்‌ஷனை விட்டுவிட்டு வர முடியாது. இங்கே பம்ப் அலாரம் அடித்துக்கொண்டிருக்கும், பிரஷர் இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கவும் டியூபைப் பிடிக்க ஒருவர் தனியாக நிற்க வேண்டும். ஒற்றை ஆளாக அவசரத்தில் புரட்டும்போதுதான் டியூப் உருவிக்கொண்டு வருகிறது.

27 பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியாதென்றால் நான்கு படுக்கை, இரண்டு வென்டிலேட்டரோடு தொடங்குங்கள். 18 நர்ஸ் போதும். மூன்றாவது வென்டிலேட்டர் மாற்று மெஷினாக இருக்கட்டும். ஆளில்லாத படுக்கையை ஐ.சி.யூ. என்று சொல்லி நோயாளியைச் சேர்ப்பது நியாயமே இல்லை.

கேள்வி: அப்பா புனலூரில் ஐ.சி.யூ.வில் இருக்கிறார். நெஞ்சு டாக்டர் ஒன்று சொல்கிறார், கிட்னி டாக்டர் வேறு சொல்கிறார். யாரிடம் கேட்பது?
- வாசகி, செங்கோட்டை

பதில்: சில இடங்களில் சேர்த்த டாக்டரே முடிவெடுப்பார், சில இடங்களில் ஐ.சி.யூ. டாக்டரின் கையில்தான் எல்லாம், மற்றவர்கள் யோசனை சொல்வார்கள். பின்னதில் குழப்பம் குறைவு. "இறுதி முடிவு யாருடையது? தினமும் எத்தனை மணிக்குப் பேசலாம்?" என்று இன்றே கேளுங்கள். வீட்டிலிருந்தும் ஒருவரே பேசுங்கள்.

இன்னொன்று. புனலூர் கேரளத்தில் இருக்கிறது. அப்பா தமிழில் வலி என்பதை அங்கே மலையாளத்தில் வேதனை என்பார்கள். வலிவு என்றால் அங்கே மூச்சிளைப்பு. மூச்சு டியூப் போட்டிருந்தால், அது இருக்கும்வரை அவரால் பேசவும் முடியாது. வலி, தாகம், மூச்சு முட்டுது, திருப்பிப் படுக்க வைங்க என நாலு படம் வரைந்து, கீழே இரண்டு மொழியிலும் பெரிதாக எழுதிய அட்டையை நர்ஸிடம் கொடுங்கள். அவர் கண்ணாடியையும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள்.