பிடிவாதமா, பட்டினியா?

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 14 வயது. ஆறு மாதங்களுக்கு முன் இனிப்பை நிறுத்தினாள். பிறகு எண்ணெய்ப் பண்டங்கள், பிறகு இரவு உணவு. நல்ல பழக்கம் என்று நாங்களும் பாராட்டினோம். இப்போது ஒரு வாய் உணவைப் பத்துத் துண்டாக நறுக்கி, அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "இன்னும் கொஞ்சம் சாப்பிடு" என்றால் தட்டு பறக்கிறது. எங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பெண் அவள். தம்பிக்கு விதவிதமாகச் சமைத்துப் போடுகிறாள், தான் மட்டும் தொடுவதில்லை. மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய், கண்டுகொள்ளாமல் விடு, பசித்தால் தானே வருவாள்" என்கிறார் மாமியார். செல்போனைப் பிடுங்கினால் வழிக்கு வருவாள் என்கிறார் கணவர். இது பிடிவாதமா, நோயா?

பி.கு.: எட்டு வயது மகனும் நான்கைந்து பண்டங்களைத் தவிர எதையும் தொடமாட்டான். அவனுக்கும் இதுதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

நான் மருத்துவன் அல்ல. ஆனால் மாதவிலக்கு நின்றுவிட்டது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தின் முதல் வரியாக இருந்திருக்க வேண்டியது அது. இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எடை பார்ப்பதோடு விட்டுவிடாமல் நாடித்துடிப்பு, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், இசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். விழித்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 50-க்குக் கீழே இறங்கினாலோ மயங்கி விழுந்தாலோ வாரக்கணக்கெல்லாம் வேண்டாம், அன்றே மருத்துவமனை.

இனி உங்கள் கேள்வி. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை அரைப்பட்டினி போட்டார். போரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர்கள், தாமாக முன்வந்தவர்கள். உடலும் மனமும் திடமாக இருப்பவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். போரில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி உணவூட்டி மீட்பது என்று அறிவதே நோக்கம். 24 வாரங்களில் அவர்களது எடையில் ஏறக்குறைய கால் பங்கு கரைந்தது. கூடவே குணமும் மாறியது. தட்டில் இருந்த கொஞ்சத்தை நறுக்கி, குழைத்து, தண்ணீர் விட்டுப் பெருக்கி மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். அதுவரை சமையலில் நாட்டமில்லாதவர்கள்கூடச் சமையல் குறிப்புகளைத் தேடித்தேடிப் படித்தார்கள். சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தார்கள், பழகியவர்களை விட்டு ஒதுங்கினார்கள். அவர்களை யாரும் செல்லம் கொடுத்துக் கெடுக்கவில்லை.

உங்கள் மகள் பத்துத் துண்டாக நறுக்குவதையும் தம்பிக்குச் சமைத்துப் போடுவதையும் இதோடு வைத்துப் பாருங்கள். நீங்கள் மகளின் குணக்கேடு என்று அஞ்சுவதில் பெரும்பகுதி பட்டினி செய்யும் வேலை.

ஒரே வேறுபாடு, அந்த இளைஞர்கள் சாப்பிடத் துடித்தார்கள். உங்கள் மகள் சாப்பிட அஞ்சுகிறாள் என்றே தோன்றுகிறது. எடை கூடிவிடுமோ என்ற அச்சம் பசியை மிஞ்சிவிடும் நோய் அனோரெக்ஸியா நெர்வோசா. அதனால்தான் "பசித்தால் தானே வருவாள்" என்ற கணக்கு இங்கே பலிப்பதில்லை. மனநோய்களில் உயிரிழப்பு மிகுந்தவற்றுள் இதுவும் ஒன்று. காத்திருந்து பார்க்கும் விஷயமல்ல. செல்போனைப் பிடுங்குவதும் உதவாது. அதில் வரும் படங்கள் எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றலாம், ஆனால் வில்லியம் கல் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த நோய்க்குப் பெயரிட்டது 1870-களில்.

எதிர்ப்பு நடத்தைக் கோளாறு என்று ஒன்று உண்டுதான். அதில் சினமும் மீறலும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரும். பெரியவர்கள் எதைச் சொன்னாலும் மல்லுக்கு நிற்பது அதன் இயல்பு. தட்டு முன்னால் மட்டும் வெடிக்கிற பெண்ணுக்கு அந்தப் பெயரைச் சூட்ட நான் தயங்குவேன். முடிவை மருத்துவர் சொல்லட்டும்.

இந்த வயதினருக்கு நல்ல பலன் தருவதாக அறியப்பட்டது, லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான குடும்பவழிச் சிகிச்சை. பெற்றோர்மேல் பழி போடாமல், பொறுப்பை அவர்களிடம் தருகிறது அது. என்ன, எவ்வளவு, எப்போது என்பதைச் சில காலம் நீங்கள் முடிவு செய்வீர்கள். பேரமும் இல்லை, தண்டனையும் இல்லை. "இதுதான் இந்த வேளைக்கு. நீ முடிக்கும்வரை பக்கத்தில் இருக்கிறேன்." இதைச் சலிக்காமல், குரல் உயராமல் சொல்ல வேண்டும். சாப்பிட்ட பிறகும் சிறிது நேரம் தனியே விடாதீர்கள்; குளியலறைக் கதவுக்குப் பின்னால் வாந்தி எடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கொஞ்சம் தேறியதும் "முகத்தில் களை வந்துவிட்டது" என்று யாராவது மகிழ்ந்து சொல்வார்கள். "குண்டாகிவிட்டாய்" என்றுதான் அது அவள் காதில் விழும். மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஆசைப்பட்டு ஒரே நாளில் அள்ளிப் போட்டுவிடவும் கூடாது. நெடுநாள் பட்டினி கிடந்த உடலில் உணவு திடீரென்று கூடினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே தடுமாறலாம். தொடக்க அளவு மருத்துவர் சொல்கிறபடி இருக்கட்டும்.

மகன் விஷயம் வேறு. உடல் பருமன் பற்றிய கவலையின்றி, மணமோ பதமோ பிடிக்காமல் சாப்பாட்டைத் தவிர்க்கும் பிள்ளைகள் உண்டு. அது உடலைப் பாதிக்கும் அளவுக்குப் போனால் தனிக் கோளாறாகக் கருத வேண்டும் என்று அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப்பட்டியல் 2013-இல் வகுத்தது. உயரமும் எடையும் வயதுக்கேற்ப ஏறிக்கொண்டிருந்தால் பதற வேண்டாம். அக்காவுக்குச் செய்வதுபோல அவனை உட்காரவைத்து ஊட்டாதீர்கள், வெறுப்புதான் கூடும். புதியதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு வேறு பேச்சுப் பேசுங்கள். அக்காவை அழைத்துப் போகிற அன்றே அவனுடைய வளர்ச்சி அட்டையையும் எடுத்துச் சென்று காட்டிவிடுங்கள்.