படம் போட்டுக் காட்டுவது

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். வீட்டில் எனக்குச் சினிமாப் பைத்தியம் என்று பெயர். போன மாதம் பையன் கோயம்புத்தூர் காலேஜிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். பொண்ணுக்கும் பரீட்சை முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்கார வைத்து 'உதிரிப்பூக்கள்' போட்டேன். நான் காலேஜ் நாட்களில் டிவியில் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடந்த படம். இருபது நிமிடத்தில் பொண்ணு போனை எடுத்துவிட்டாள். பையன், "ஏம்ப்பா, யாரும் பேசவே மாட்டேங்கிறாங்க" என்றான். நானும் நடுநடுவே நிறுத்தி, இந்த ஷாட்டைப் பாரு, இங்கே இளையராஜா என்ன பண்றார் பாரு என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பாதியிலேயே இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்கள். மனைவி மட்டும் கடைசிவரை இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மனசு விட்டுப்போயிற்று.

நண்பர்கள் வாட்ஸப் குழுவிலும் இதே கதைதான். நான் பட்டியல் அனுப்பினால் எல்லோரும் கைகூப்புகிறார்கள், ஒருவரும் பார்ப்பதில்லை. பையன் வேறு ஏதோ ஜப்பான் கார்ட்டூனைப் பாரு பாரு என்று ஒரு வருஷமாக நச்சரிக்கிறான். யுத்தத்தில் மாட்டிக்கொள்ளும் அண்ணன் தங்கை கதையாம். இந்த வயதில் கார்ட்டூனா என்று விட்டுவிட்டேன். நல்ல படங்களை இந்தத் தலைமுறைக்கு எப்படித்தான் கொண்டுசேர்ப்பது?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தின்படி அன்று உங்கள் வீட்டில் 'உதிரிப்பூக்கள்' பார்த்தது உங்கள் மனைவி ஒருவர்தான். நீங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எப்போது கண் கலங்கும், எப்போது "சூப்பர்ப்பா" என்று வரும் என்று. கையில் ரிமோட்டோடு ஒருவர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் போனைத்தான் எடுக்கத் தோன்றும். எனக்கும் தோன்றும்.

அதுவும் எந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டியிருக்கிறீர்கள்! அதை இயக்கிய மகேந்திரன் 'தங்கப்பதக்கம்' மாதிரி படங்களுக்கு எழுதிப் பெயர் வாங்கியவர். மூச்சுவிடாமல் பேசும் சினிமா அவருக்கே அலுத்துப்போய்த்தான் 1978-ல் 'முள்ளும் மலரும்' எடுத்தார். அடுத்த வருஷம், புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைப் பிடித்துக்கொண்டு 'உதிரிப்பூக்கள்'. கடைசியில் ஊர் ஆண்கள் அந்தக் கொடுமைக்காரக் கணவனை, விஜயனை, ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்களே, அந்தக் காட்சியில் யாரும் அவனை அடிப்பதில்லை, யாரும் பக்கம் பக்கமாக வசனம் பேசுவதில்லை. அவன் தண்ணீருக்குள் நடந்து போகிறான். அவ்வளவுதான். ஆனால் அந்த நடை நம்மைத் தாக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் படம் முழுக்க அந்த ஊருக்குள்ளேயே நாம் இருந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டிலோ அந்த ஊருக்குள் நுழையும்போதெல்லாம் ஒருவர் தோளைத் தட்டி வெளியே கூப்பிட்டிருக்கிறார். "யாரும் பேசவே மாட்டேங்கிறாங்க" என்று உங்கள் பையன் சொன்னதை நீங்கள் குறையாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கென்னவோ அவன் மிகச் சரியாகக் கவனித்திருக்கிறான் என்றுதான் படுகிறது. மகேந்திரன் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

தலைமுறையின் மேல் பழியைப் போடாதீர்கள். நமக்கு மட்டும் யார் உட்கார வைத்து நல்ல படம் காட்டினார்கள்? பல படங்கள் நமக்குக் காது வழியாகத்தான் வந்தன. மேட்னி ஷோ போய்விட்டு வரும் அத்தைகளும் சித்திகளும் சாயங்காலம் பூக்கட்டிக்கொண்டே முழுப் படத்தையும் சொல்லி முடிப்பார்கள், பாட்டு வரும் இடத்தில் பாட்டையும் பாடிவிட்டு. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் நல்ல கட்டத்தில் நின்றுபோய் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும். வானொலியில் படத்தின் வசனத்தையும் பாட்டையும் சுருக்கிப் போடும் ஒலிச்சித்திரம். கல்யாண வீடுகளில் குழாய் ஸ்பீக்கரில் கட்டபொம்மன் வசனம். 1984-ல் 'விதி' வந்தபோது டீக்கடைக்கு டீக்கடை அந்தக் கோர்ட் சீன் கேசட்தான் ஓடியது. படம் பார்க்காதவர்களுக்கும் அதில் வக்கீலாக வரும் நடிகை சுஜாதாவின் குறுக்கு விசாரணை மனப்பாடம். யாரும் யாருக்கும் ரசனை வளர்க்கக் கிளம்பவில்லை. அவரவர் ஆசைக்குச் சொன்னார்கள், அவரவர் ஆசைக்குப் போட்டார்கள். பக்கத்தில் இருந்தவனுக்கும் அது ஒட்டிக்கொண்டது.

படம் சொல்வதற்கு உச்சம் என்றால் 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் இடம். அதில் நாகேஷ் நடத்தும் ஓஹோ புரொடக்ஷன்ஸ் என்ற படக் கம்பெனியில் படம் என்று ஒன்று கிடையாது, நாகேஷின் வாய்தான் இருக்கிறது. கதவு கிறீச்சிடும் சத்தம்கூட அவர்தான். பாலையாவின் முகத்தில் முழுப் பேய்ப்படமும் ஓடிவிடுகிறது. (யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு பையன் அப்பாவிடம் தன் படத்தைக் காட்டுவதுதான். அந்த அப்பா நடுவில் எழுந்து போகவில்லை.)

எண்பதுகளின் டெக் (வீடியோ கேசட் ஓட்டும் பெட்டி) இரவுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காதுகுத்தோ, கோயில் திருவிழாவோ, டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துவந்து தெருவில் வைத்துவிட்டால் விடிய விடியப் படம். கேசட் எடுக்கப் போகும்போதே பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும். முதலில் பெரியவர்களுக்காக ஒரு சாமி படம். அடுத்து எம்ஜிஆரா சிவாஜியா என்று ஒரு சண்டை. இளவட்டங்கள் கேட்கும் புதுப்படத்துக்கு விடியற்காலைதான் ஒதுக்கப்படும். ரஜினி படத்துக்காகக் காத்திருந்தவன் வேறு வழியில்லாமல் சாமி படத்தையும் பார்த்தான். பாய் போட்டு உட்கார்ந்த பாட்டிகள், வந்ததற்கு இருந்துவிட்டுப் போவோம் என்று ரஜினி படத்தையும் பார்த்தார்கள். நடுவில் தூங்கி எழுந்த பிள்ளை "என்ன ஆச்சு?" என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவர் இரண்டு வரியில் சொல்லிவிடுவார். என் படத்துக்கு நீ உட்கார், உன் படத்துக்கு நான் உட்காருகிறேன். அந்த ஒப்பந்தத்தில்தான் மூன்று தலைமுறைக்கான படங்கள் ஒரே இரவில் ஓடின.

நீங்கள் உங்கள் முறையை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். பையனின் முறை ஒரு வருஷமாக நிற்கிறது.

சரி, அந்த 'கார்ட்டூனு'க்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் கதையை வைத்துப் பார்த்தால் அது 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்' ஆகத்தான் இருக்க வேண்டும். 1988-ல் ஜப்பானின் அனிமேஷன் பட நிறுவனமான ஸ்டுடியோ ஜிப்லிக்காக இசாவோ தகாஹாதா எடுத்தது. 1945-ல் அமெரிக்க விமானங்கள் கோபே நகரத்தின் மேல் தீக்குண்டு போடுகின்றன. அம்மா போய்விடுகிறாள். பதின்வயதுப் பையனும் நாலு வயதுத் தங்கையும் தனியாகிவிடுகிறார்கள். மூலக்கதையை எழுதிய அகியுகி நொசாகா போர்க்காலப் பட்டினியில் தன் சிறிய தங்கையைப் பறிகொடுத்தவர். படத்தில் அந்தக் குட்டிப்பெண்ணிடம் ஒரு தகர மிட்டாய் டப்பா இருக்கிறது. மிட்டாய் தீர்ந்ததும் அண்ணன் அதில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொடுக்கிறான். அவள் குடித்துவிட்டு, எல்லா மிட்டாயின் ருசியும் இதில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். முழுப் படத்தையும் சொல்லிவிட மாட்டேன். ஜப்பானில் இது வெளியானபோது ஜிப்லியின் 'மை நெய்பர் டோட்டோரோ'வோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில் இரண்டு படமாக ஓட்டினார்கள். டோட்டோரோ பிள்ளைகள் குதூகலமாகப் பார்க்கிற படம். முதலில் அதைப் பார்த்துவிட்டு அடுத்து இதைப் பார்த்தவர்கள் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார்களோ!

அம்மாவை இழந்து நிற்கும் இரண்டு பிள்ளைகள். உங்கள் 'உதிரிப்பூக்க'ளிலும் அதே இரண்டு பிள்ளைகள்தானே? உங்களைத் தூங்கவிடாத அதே விஷயத்தைத்தான் உங்கள் பையன் ஒரு வருஷமாக உங்களிடம் நீட்டிக்கொண்டிருக்கிறான். ரசனை இல்லாத பிள்ளை என்று எந்தக் கணக்கில் முடிவுக்கு வந்தீர்கள்?

உங்கள் மனைவியைப் பற்றியும் கேட்க வேண்டும். அவருக்குக் கடிதத்தில் ஒரே வரி கொடுத்திருக்கிறீர்கள். நோயாளி மனைவி வீட்டில் இருக்கும்போதே அவள் தங்கையைக் கட்டிக்கொள்ள நினைக்கும், மெல்லிய குரலில் பேசியே கொல்லும் ஒரு கணவனின் கதை 'உதிரிப்பூக்கள்'. அதை ஒரு பெண் தன் கணவன் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்திருக்கிறார். (உங்களைச் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.) அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதுகிறீர்கள். நீங்கள் கேட்டீர்களா? அவருக்குப் பிடித்த படம் எது என்றாவது தெரியுமா? எனக்குத் தெரிந்த பல வீடுகளில் ஆண்களின் படப் பட்டியல் ஊருக்கே தெரியும். பெண்களின் பட்டியல் சமையலறையில் அவர்கள் முணுமுணுக்கிற பாட்டை வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

வாட்ஸப் பட்டியலை நிறுத்திவிடுங்கள். 'சாவதற்குள் பார்க்க வேண்டிய நூறு படங்கள்' என்று வந்தால் யாருக்கும் சாவுதான் ஞாபகம் வரும். ஒரு ஆளுக்கு ஒரு படம். அதையும் குழுவில் போடாமல் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: "டேய், நீ புது வீடு கட்டுறப்ப பட்ட பாட்டை எல்லாம் பாலுமகேந்திரா 1988-லேயே 'வீடு'ன்னு எடுத்து வெச்சிருக்கார், பாரு" என்று. அந்த நண்பர் பார்ப்பார். பார்க்காவிட்டாலும் வீடு கட்டிய கதையை இன்னொரு முறை சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள்.

பையன் அடுத்த முறை வரும்போது அவன் படத்தை முதலில் போடச் சொல்லுங்கள். ரிமோட் அவனிடம் இருக்கட்டும், நீங்கள் நிறுத்தாதீர்கள். ஆங்கில டப்பிங்கில் பார்க்க வேண்டாம், ஜப்பானிய மொழியிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள், அந்தக் குழந்தையின் குரலுக்காகவே. ஒன்றரை மணி நேரம்தான். இரவுச் சாப்பாட்டை மட்டும் படத்துக்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.