வியோலியாவின் ஃப்ரேரோ: நீங்கள் கேட்டவை

பிரான்ஸின் தண்ணீர், குப்பை மேலாண்மை நிறுவனமான வியோலியாவை 12 வருஷத்துக்கு மேல் நடத்தியவர் ஆந்த்வான் ஃப்ரேரோ. அவரைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: பாலிடெக்னிக் படித்தவராமே? டிப்ளமோ வைத்துக்கொண்டா இவ்வளவு உயரம்?

ப: பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். எக்கோல் பாலிடெக்னிக் 1794இல் தொடங்கியது, ராணுவ அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. அதன் நுழைவுத் தேர்வு நம் ஐஐடி தேர்வுக்கு அண்ணன். அங்கே படித்து, சாலை, பாலப் பொறியாளராகத் தேறி, 1990இல் கம்பெனியில் சேர்ந்தார். அப்போது அதன் பெயர் கொம்பஞி ஜெனரல் தேஸோ.

கே: முதலிலிருந்தே தண்ணீர்தானா?

ப: இல்லை. 1995 முதல் பஸ், ரயில் பிரிவு. தண்ணீர்ப் பிரிவு கைக்கு வந்தது 2003இல்.

கே: குழாய்களெல்லாம் கம்பெனி சொத்தா?

ப: பலர் தவறாக நினைப்பது இதைத்தான். பிரான்ஸில் குழாய் உள்ளாட்சிக்குச் சொந்தம். கம்பெனி கையில் இருப்பது ஒப்பந்தம் மட்டுமே. 1853இல் லியோன் நகரத்தோடு தொடங்கிய வழக்கம் இது. மேயர் மனம் மாறினால் ஒப்பந்தம் போச்சு. பாரிஸில் 1985 முதல் செய்ன் ஆற்றின் வலக்கரைக்கு இவர்கள், இடக்கரைக்குப் போட்டிக் கம்பெனி என்று பிரித்துக்கொண்டு தண்ணீர் விநியோகித்தார்கள். 2010 பிறந்ததும் நகரமே இரண்டு கரையையும் எடுத்துக்கொண்டது. ஃப்ரேரோ மொத்த வியோலியாவுக்கும் தலைமை ஏற்றது 2009 நவம்பர் கடைசியில்! நல்ல வரவேற்புதான்.

கே: அவர் வந்தபோது கடன் அதிகமாமே?

ப: சுமார் 1,500 கோடி யூரோ. 77 நாடுகளில் கடை விரித்திருந்தார்கள். அதை 40க்குள் சுருக்கப்போவதாக 2011 டிசம்பரில் அறிவித்தார். சில மாதத்தில் அவர் நாற்காலியே ஆடியது. தப்பித்தார்.

கே: போட்டிக் கம்பெனியான சூயஸை எப்படி வளைத்தார்?

ப: பொறுமையாக. எஞ்சி என்ற பிரெஞ்சு எரிசக்தி நிறுவனத்திடம் சூயஸின் சுமார் 32 சதவீதப் பங்கு இருந்தது. அதில் 29.9 சதவீதத்தை 2020 ஆகஸ்டில் கேட்டார். ஏன் 30 இல்லை? 30ஐத் தாண்டினால் மற்ற பங்குதாரர்கள் எல்லோருடைய பங்கையும் வாங்க முன்வந்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். பங்குக்கு 15.50 யூரோ என்றவர் 18க்கு ஏறினார். அக்டோபர் 5 அன்று எஞ்சி இயக்குநர் குழுவில் பிரெஞ்சு அரசு எதிர்த்து வாக்களித்தது. எஞ்சியின் பெரிய பங்குதாரரே அரசுதான், ஆனாலும் தோற்றது! சூயஸ் சும்மா இருக்கவில்லை. வியோலியாவால் விற்க முடியாதபடி, தன் பிரெஞ்சுத் தண்ணீர்த் தொழிலை நெதர்லாந்தில் ஓர் அறக்கட்டளைக்குள் பூட்டிவைத்தது. கடைசியில் 2021 ஏப்ரலில் 20.50 யூரோவுக்குச் சமரசம். இரண்டரை யூரோ கூடக் கொடுத்தது பிடிவாதத்துக்குக் கட்டிய அபராதம் என்பது என் கணக்கு.

கே: கோவையிலிருந்து கேட்கிறேன். எங்கள் ஊர்க் குடிநீர்த் திட்டமும் வியோலியாவுக்குப் போய்விட்டதா?

ப: இல்லை. 2018இல் கோவையோடு 26 வருஷ ஒப்பந்தம் போட்டது சூயஸ். அந்தச் சமரசப்படி சூயஸை இரண்டாகப் பிரித்தபோது இந்தியத் தொழில், வேறு முதலீட்டாளர்கள் வாங்கிய புதிய சூயஸோடு போனது.

கே: இப்போது யார்?

ப: 2022 ஜூலை 1 முதல் எஸ்தெல் ப்ராக்லியானோஃப் தலைமைச் செயல் அதிகாரி. ஃப்ரேரோ இயக்குநர் குழுத் தலைவராக மட்டும் தொடர்ந்தார். புதியவர் 2005இல் கம்பெனிக்கு வந்து பிரிட்டன் பிரிவை நடத்தியவர். எங்கே படித்தார் என்று கேட்பீர்கள். அதே பாலிடெக்னிக்!