எர்ன் ஏரியில் ரோச்: கேட்டவையும் பதில்களும்

வட அயர்லாந்தின் எர்ன் ஏரியையும் அதன் ஆற்றையும் பற்றி இந்த முறை கேள்விகள் குவிந்துவிட்டன. எழுதியவர்களில் பெரும்பாலோர் கோர்ஸ் ஃபிஷிங்கைப் புதிதாகப் பிடித்துக்கொண்டவர்கள். சால்மனையும் டிரவுட்டையும் விட்டுவிட்டு மற்ற நன்னீர் மீன்களைத் தூண்டிலில் பிடித்து, திரும்ப ஆற்றிலேயே விடுகிற பழக்கம் அது. கெண்டைக் குடும்பத்து ரோச்சும் அப்படிப்பட்ட ஒரு மீன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் என்னிஸ்கில்லன் ஊருக்குள்ளேயே, ப்ராட்மெடோ கரையில், என் நண்பர் வலை நிறைய ரோச் பிடித்தார். அதை நம்பி ஜூலையில் அதே இடத்துக்குப் போனேன். இரண்டு பெர்ச் மீன் மட்டும்தான். எங்கே தப்பு செய்தேன்?

மாதம்தான் தப்பு. எர்ன் ஆறு கேவன் மாவட்டத்தில் கிளம்பி, பெல்டர்பெட் வழியாக மேல் ஏரிக்குள் போகிறது. என்னிஸ்கில்லனில் மறுபடி ஆறாகக் குறுகி, அப்புறம் கீழ் ஏரியாக விரிகிறது. பெலீக்கைத் தாண்டி பாலிஷானனில் கடலைச் சேர்கிறது. (வரைபடத்தில் மேல் ஏரி கீழேயும் கீழ் ஏரி மேலேயும் இருக்கும். ஆறு வடமேற்கே ஓடுவதால் வந்த பெயர். முதல் தடவை போகிறவர்களை இது சுற்றலில் விடும்.) மொத்த அமைப்பும் ஒரு உடுக்கை மாதிரி, என்னிஸ்கில்லன் அதன் இடுப்பு. ஏரியில் பரந்து கிடக்கிற மீன் இடம் மாற வேண்டுமென்றால் இந்த இடுப்பு வழியாகத்தான் வர வேண்டும்.

வசந்தத்தில் தண்ணீர் 14, 15 டிகிரியைத் தொடும்போது ரோச் முட்டையிடும். அதற்குச் சில வாரங்கள் முன்பே கூட்டம் கூட்டமாக ஆற்றில் வந்து சேரும். உங்கள் நண்பர் பிடித்தது அந்தக் கூட்டத்தை. அப்போது பிடிபடும் ஆண் மீனின் தலையையும் முதுகையும் தடவிப் பாருங்கள், வெள்ளை வெள்ளையாகப் பொரிப்பொரியாக, உப்புத்தாள் போலச் சொரசொரவென்றிருக்கும். முட்டையிட்டு முடித்ததும் கூட்டம் கலைந்து ஏரிக்குத் திரும்பிவிடும்.

எனவே ஜூலையில் மேல் ஏரிக்குப் போங்கள். அது ஆழமில்லாத ஏரி, தீவுகளும் குடாக்களும் ஏராளம். நாணல் ஓரத்திலிருந்து தரை சரிந்து மூன்று, நான்கு மீட்டருக்கு இறங்குகிற இடம்தான் உங்களுக்கு வேண்டியது. ஃபீடரை, அதாவது இரை நிரப்பி எறிகிற சின்னக் கூண்டை, சும்மா இரண்டு மூன்று தூரங்களில் எறிந்து, அது அடியைத் தொட எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை சட்டென்று கூடுகிற இடம் அந்தச் சரிவு. காற்று முகத்தில் அடிக்கிற கரையைத் தேர்ந்தெடுங்கள். உட்கார்ந்திருக்க இம்சையாகத்தான் இருக்கும், ஆனால் அலை கலக்கிய தண்ணீரில்தான் பகலில் ரோச் தைரியமாக இரை எடுக்கும். குளிர்காலத்தில் கதை மாறும். மீன் ஒதுங்க இடம் தேடி ஊருக்குள், படகுத்துறைகளுக்கு வந்துவிடும். ஜனவரியில் ஏரியின் திறந்த கரையில் உட்காருவது விறைத்துப் போவதற்கு மட்டுமே உதவும்.

டப்ளினிலிருந்து வருகிறோம். லைசென்ஸ் வேண்டுமா?

எல்லைக்கு எந்தப் பக்கம் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அயர்லாந்துக் குடியரசுப் பக்கம், அதாவது பெல்டர்பெட்டில், கோர்ஸ் மீனுக்கு அரசு லைசென்ஸ் கிடையாது. வட அயர்லாந்துப் பக்கம் எர்ன் ஏரியில் பெரியவர்களுக்கு ராட் லைசென்ஸ், பெர்மிட் இரண்டும் வேண்டும். வட அயர்லாந்து அரசுத் தளத்திலேயே வாங்கலாம். இங்கிலாந்து லைசென்ஸ் இங்கே செல்லாது. இங்கிலாந்து ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கோர்ஸ் மீனுக்குத் தூண்டில் போடக் கூடாது என்ற விதி இருக்கிறதே, அது இங்கே இல்லை. இருந்திருந்தால் முதல் கேள்விக்காரரின் நண்பருக்கு அந்த ஏப்ரல் வாய்த்திருக்காது.

எவ்வளவு இரை தூவ வேண்டும்? கடைக்காரர் நாலு கிலோ மாவைத் தலையில் கட்டிவிட்டார்.

மாவு கெட்டுப்போகாது, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ரோச்சுக்கு வயிறு என்று தனியாக ஒரு பை இல்லை, குடல் மட்டும்தான். கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க மேய்கிற மீன் அது. ஆரம்பத்திலேயே பெரிய உருண்டைகளாகப் போட்டால் பிரீம் என்ற வேறு மீன் வரலாம். ரோச்சுக்குத் தேவை தாளம். ஆற்றில் தக்கை போட்டுப் பிடிப்பதென்றால், ஒவ்வொரு தடவை தக்கையை விடும்போதும் பத்துப் பதினைந்து மேகட் புழுவை (ஈயின் புழு) கவணால் நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தூவுங்கள். மீன் கடிக்கிறதோ இல்லையோ, தூவுவதை நிறுத்தாதீர்கள். ஏரியில் ஃபீடர் என்றால், முதல் அரை மணி நேரம் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்து, நிரப்பி, அதே இடத்தில் மறுபடி எறியுங்கள். கை வலிக்கும். பக்கத்தில் இருப்பவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எறிந்துவிட்டு டீ குடிப்பார். சாயங்காலம் இரண்டு பேர் வலையையும் எடுத்துப் பாருங்கள்.

இரையைப் பற்றி ஒரு செய்தி, நம் ஆட்களுக்குப் பிடிக்கும். ரோச்சுக்கான மேகட்டில் மஞ்சள்தூள் கலப்பது இங்கே பழைய வழக்கம். முன்பு வெண்கல நிறம் வரக் க்ரைசாய்டின் என்ற சாயத்தைப் போட்டார்கள். 1980களில் அது புற்றுநோயோடு தொடர்புள்ளதாகச் சந்தேகம் எழுந்ததும் கைவிட்டார்கள். மஞ்சளுக்கு அந்தப் பயம் இல்லை. புழுவைச் சல்லடையில் சலித்து, செத்ததையும் மரத்தூளையும் நீக்கி, அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி மஞ்சள் போட்டு முதல் நாள் ராத்திரியே ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜ் யாருடையது என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

தண்ணீர் தெளிந்து குளிர்ந்து கிடக்கும் நாளில் இதெல்லாம் வேண்டாம். வெள்ளை ரொட்டியிலிருந்து ‘பஞ்ச்’ என்ற துளைக்கருவியால் குத்தி எடுத்த சின்ன வட்டம், 18 அல்லது 20-ஆம் நம்பர் தூண்டில் முள், 0.10 மி.மீ. தங்கூசி. போதும். தூவுவதும் அதே ரொட்டியின் தூள்தான்.

தக்கை அமிழ்கிறது, இழுத்தால் ஒன்றுமில்லை. முள்ளில் வெறும் ஓடு மட்டும் இருக்கிறது.

காஸ்டர் போட்டிருக்கிறீர்கள், அதாவது மேகட் கூட்டுப்புழுவாக மாறிய நிலை. ரோச்சின் வாயில் பல் இல்லை, தொண்டைக்குள் இருக்கிறது. காஸ்டரை உள்ளே இழுத்து, அங்கே வைத்து நசுக்கி, சாற்றை உறிஞ்சிவிட்டு ஓட்டைத் துப்பிவிடும். நீங்கள் பார்க்கிற அமிழ்வு பெரும்பாலும் துப்பி முடித்த பிறகு நடப்பது.

இரண்டு விஷயம் செய்யுங்கள். முள்ளைக் காஸ்டரின் தடித்த முனை வழியாக உள்ளே செலுத்தி, முழுவதும் ஓட்டுக்குள்ளேயே புதைத்துவிடுங்கள். அடுத்து, முள்ளுக்கு மேலே இருக்கும் கடைசிக் குண்டைக் கொஞ்சம் கீழே நகர்த்துங்கள், கடி சீக்கிரமே தக்கையில் தெரியும். அப்படியும் ஓடே வந்தால், மீன் நீங்கள் நினைத்ததைவிட மேலே நின்று இரையை விழும்போதே எடுக்கிறது என்று அர்த்தம். அரை மீட்டர் ஆழம் குறைத்துப் பாருங்கள். தூவும் காஸ்டரை முதலில் ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு மிதப்பதை எடுத்து எறிந்துவிடவும். மிதக்கிற காஸ்டர் உங்கள் ரோச்சையும் கூட்டிக்கொண்டு கீழ் ஏரிக்குப் போய்விடும்.

ஒரு காலத்தில் இங்கே உலக சாதனை நடந்ததாமே? இப்போது ஏன் அப்படி இல்லை?

நடந்தது. 1981-இல் என்னிஸ்கில்லனில் ஒரு ஐந்து மணி நேரப் போட்டியில் ஒருவரே 258 பவுண்டுக்கு மேல் பிடித்தார், கிட்டத்தட்ட 117 கிலோ. ஆனால் ரோச் அயர்லாந்தின் சொந்த மீனே இல்லை என்பதை மறந்துவிடுகிறோம். 1889-இல் தெற்கே கார்க் பக்கத்து பிளாக்வாட்டர் ஆற்றில், பைக் என்ற வேட்டை மீனைப் பிடிக்க உயிரிரையாகக் கொண்டுவந்தவை தப்பித்துப் பெருகின. எர்னுக்கு அது வந்து சேர்ந்தது ரொம்பப் பிந்தித்தான். 1970களில் பார்த்தால் எங்கும் ரோச். வயல் உரமும் ஊர்க் கழிவும் ஏரியைச் செழிக்க வைத்திருந்த காலம் அது, நுண்ணுயிர் மிதவைகளுக்குப் பஞ்சமில்லை. ஏற்கெனவே இருந்த ரட் மீன் ஒதுங்கிப்போனது.

1996-இல் கீழ் ஏரியில் ஸீப்ரா மட்டி கண்டுபிடிக்கப்பட்டது. விரல் நகம் அளவுதான் இருக்கும், கல், துறைக்கால், படகின் அடி என்று அகப்பட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றும் தண்ணீரை வடிகட்டித்தான் தின்கிறது. கோடிக்கணக்கில் சேர்ந்தால் ஏரியே வடிகட்டப்பட்டுவிடும். தண்ணீர் தெளிந்தது, மிதவைகள் குறைந்தன, ரோச் குஞ்சின் சாப்பாடு போனது. ரோச்சும் குறைந்தது. அந்தப் பழைய எடைகளை என்னிஸ்கில்லனின் இயற்கை என்று நினைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புதிதாக நுழைந்த மீனும் உரம் ஏறிய தண்ணீரும் சேர்ந்த ஒரு குறுகிய காலத்து வீக்கம் அது. இப்போது கிடைப்பது எண்ணிக்கையில் குறைவு. ஆனால் தெளிந்த தண்ணீரில் அந்தி மங்கும் ஒரு மணி நேரத்தில் வருகிற மீனைச் சின்னது என்று யாரும் சொல்ல முடியாது.

இது ரோச்சா, கலப்பினமா? சுமார் இரண்டரை பவுண்டு இருந்தது.

எர்னில் இரண்டு பவுண்டைத் தாண்டினால் முதலில் சந்தேகப்படுங்கள், அப்புறம் சந்தோஷப்படலாம். ரோச்சும் பிரீமும் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் முட்டையிடுவதால் கலப்பினம் இங்கே சர்வசாதாரணம். கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்து, அடிப்பக்கம் வாலுக்கு முன்னால் இருக்கும் துடுப்பை நகத்தால் மெல்ல விரித்து, கதிர்களை எண்ணுங்கள். பத்துப் பன்னிரண்டுக்குள் என்றால் ரோச். இருபத்தைந்து போலிருந்தால் பிரீம். பதினைந்து, பதினெட்டு என்று நடுவில் நின்றால் கலப்பினம். ரட்டோடு குழப்பம் என்றால் வாயைப் பாருங்கள், ரட்டின் கீழுதடு மேல்நோக்கி நீண்டிருக்கும். பெரிய அசல் ரோச் இல்லாமலில்லை. 2006-இல் பதிவான பிரிட்டிஷ் சாதனை மீன், 4 பவுண்டு 4 அவுன்ஸ், வட அயர்லாந்து நீர்நிலை ஒன்றில் பிடித்ததுதான்.

வயிறு உப்பிய ஒரு ரோச் செத்து மிதந்தது. உள்ளே வெள்ளை நாடா மாதிரி ஏதோ இருந்தது.

லிகுலா என்ற நாடாப்புழு. கோபிபாட் என்ற நுண்ணிய நீர் உயிரி வழியாக மீனுக்குள் போய், முங்குளிப்பான் போன்ற மீன் தின்னும் பறவைகளின் குடலில் முழு வளர்ச்சி அடைகிறது. அதனால் பீடித்த மீனை எளிதாகப் பறவைக்கு இரையாக்க வேண்டும் என்பதுதான் அதன் பிழைப்பு. மீனை மலடாக்கி, கரையோரமாக மேலே மந்தமாக நீந்த வைக்கிறது. மனிதருக்குத் தொற்றாது. இருந்தாலும் அப்படி மந்தமாகத் திரியும் மீன்களைக் குறிவைத்துப் பிடிப்பதில் என்ன இருக்கிறது?

சாப்பிடலாமா?

சாப்பிடலாம். கெண்டைக் குடும்பம், சதைக்குள் கவைமுள் காடு. குடியரசுப் பக்கம் ஒரு நாளைக்கு நான்கு கோர்ஸ் மீனுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, ஒன்றும் 25 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. அந்த அளவு மீனில் முள்ளைப் பொறுக்குவதற்குள் சோறு ஆறிவிடும். வட அயர்லாந்துப் பக்கத்து வரம்பைப் பெர்மிட் வாங்கும்போதே படித்துக்கொள்ளுங்கள்.

பிடித்த சின்ன ரோச்சையே உயிரோடு கோத்து பைக்குக்குப் போடலாமா?

எல்லையின் இரு பக்கமும் கூடாது. 1889-இல் என்ன நடந்தது என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

லண்டனிலிருந்து என் சாமான்களையே கொண்டுவரலாமா?

தாராளமாக. ஈயக்குண்டு மட்டும் வேண்டாம். அன்னங்கள் விழுங்கிச் செத்ததால் 1987-இலிருந்து இங்கிலாந்தில் சிறு ஈயக்குண்டுகளுக்குத் தடை இருக்கிறது, உங்களிடம் இருப்பது பழைய டப்பா என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கீப்நெட் (பிடித்த மீனைத் தண்ணீரிலேயே வைத்திருக்கும் வலை), கைவலை, பூட்ஸ் மூன்றையும் கழுவி, மடிப்பு விரித்து, கயிறு உட்பட முழுக்கக் காயவைத்த பிறகே காரில் ஏற்றுங்கள். மட்டிக்குஞ்சு கண்ணுக்குத் தெரியாது, ஈரம் இருக்கும்வரை வலையின் முடிச்சில் உயிரோடிருக்கும். திரும்பிப் போகும்போதும் அதேதான்.