ஆலத்துக்கு முன்னாடி எந்த மருந்து? ஆற்றுத் தண்ணீர் கேள்வி பதில்

கோபி: ஏனுங்க, பவானித் தண்ணிக்குக் கோடையில ஆலம் (படிகாரம்) போடறதுக்கு முன்னாடியே குளோரின் விடறோம். அப்பவும் பைப்புல கருப்பாப் படியுது. டோஸைக் கூட்டலாங்களா?

கூட்டாதீங்க. அது மாங்கனீஸ். அணையோட அடித்தண்ணியில ஆக்சிஜன் தீர்ந்தா, சேத்துல இருக்கறது கரைஞ்சு வரும். பி.எச். 8.5-க்குக் கீழ குளோரின் அதை ரொம்ப மெதுவாத்தான் மாத்தும். அதனால ஃபில்டரைத் தாண்டிப் போய் பைப்புக்குள்ள கருக்குது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் நிமிஷக் கணக்குல முடிச்சிரும்.

1 மி.கி. மாங்கனீஸுக்கு 1.92 மி.கி. பெர்மாங்கனேட் வேணும். லிட்டருக்கு 0.4 மி.கி. இருந்தா, 10 லட்சம் லிட்டருக்கு சுமார் 770 கிராம். 2 சதவீதக் கரைசலா 38.5 லிட்டர். கரைஞ்ச இரும்பு இருந்தா மி.கி.-க்கு 0.94 சேர்த்துக்குங்க. இலைதழைக் கசடும் கொஞ்சம் இழுத்துக்கும், அதனால ஜார் டெஸ்ட் பண்ணாம டோஸை முடிவு பண்ணாதீங்க. 1 லிட்டர் தண்ணியில 1 கிராம் கரைச்சா, அதுல 1 மி.லி. = 1 மி.கி. ஆறு ஜார்ல ஏறுமுகமா விட்டு 10 நிமிஷம் கலக்கி, அப்புறம் ஆலம் போட்டு, தெளியவிட்டு, வடிகட்டி மாங்கனீஸ் பாருங்க. லிட்டருக்கு 0.1 மி.கி.-க்குக் கீழ வரணும். ரோஸ் நிறம் ஃபில்டர் பெட் வரைக்கும் வந்தா டோஸ் அதிகம்.

உடுமலை: பாசி நாத்தத்துக்கும் இதே போதுமாங்க?

மண்வாசனைன்னா போதாது. அந்த வாசனையைத் தர்ற ஜியோஸ்மினை குளோரினும் பெர்மாங்கனேட்டும் அசைக்காது. பாசி மேல குளோரின் விட்டா செல் உடைஞ்சு நாத்தம் இன்னும் கூடும். ஓசோன் கேக்கும், ஆனா மெஷினும் கரண்டும் சின்ன நிலையத்துக்குக் கட்டாது. நாத்தத்தை உறிஞ்சற பவுடர் கார்பன் (கரித்தூள்)தான் சரி. குளோரின், பெர்மாங்கனேட் விடற இடத்துலயே அதைக் கொட்டாதீங்க. ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னு வீணாகும்.

பவானி: புதுவெள்ளத்துல குளோரின் டை ஆக்சைடு நல்லதுங்களா?

குளோரின் இலைதழைக் கசடோட சேர்ந்தா வர்ற கெடுதலான டிரைஹாலோமீத்தேனை இது உண்டாக்காதுங்கறது நிஜம். ஆனா செலவாகறதுல 50 முதல் 70 சதவீதம் குளோரைட்டா மாறும். குளோரைட்டுக்கு உலக சுகாதார நிறுவன அளவு லிட்டருக்கு 0.7 மி.கி.; அதனால டோஸ் 1 மி.கி.-யைத் தாண்டவே கூடாது. புதுத்தண்ணி அதுக்கு மேல கேக்கும். அதை விட, குளோரின் விடற இடத்தை செட்லிங் டேங்குக்கு (கசடு தெளியற தொட்டி) அப்புறம் மாத்துங்க, காசில்லாத வேலை.

காங்கேயம்: பெர்மாங்கனேட்டை பிளீச்சிங் பவுடர் ரூம்லயே வைக்கலாங்களா?

வேண்டாங்க. தனி ரூம், உலர்ந்த தரை. கிளிசரின், கிரீஸ், மரத்தூள் பட்டாத் தீப்பிடிக்கும். சிந்தினதை மரத்தூள் போட்டுக் கூட்டவே கூடாது.