சொந்த டொமைனை வீட்டு வெப் சர்வருக்குத் திருப்புவது எப்படி?

டிஎன்எஸ் என்ற இணைய முகவரிப் புத்தகத்தில், டொமைனின் ஐபி முகவரியைக் குறிக்கும் ஏ ரெக்கார்டில் 192.168.1.10 என்று கொடுத்தும் தளம் வெளியே திறக்கவில்லை என்கிறீர்கள். அது உங்கள் ரவுட்டருக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. இணையச் சேவை நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்திருக்கும் பப்ளிக் ஐபிதான் அங்கே வர வேண்டும்.

டிஎன்எஸ்ஸைத் தொடும் முன் ஒன்றைப் பாருங்கள். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இருக்கும் வான் ஐபியும் (ரவுட்டரின் இணையப் பக்க முகவரி), 'என் ஐபி என்ன' என்று கூகுளில் தேடினால் வருவதும் ஒன்றுதானா? வான் ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்டதாக இருந்தால் நீங்கள் சிஜிநாட் என்ற, சேவை நிறுவனத்தின் முகவரிப் பகிர்வுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பப்ளிக் ஐபியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. வெளியிலிருந்து வரும் கோரிக்கையைச் சர்வருக்குத் திருப்பும் ரவுட்டர் அமைப்பான போர்ட் ஃபார்வர்டிங்கை எத்தனை முறை சரிசெய்தாலும் வெளியாரின் கோரிக்கை உங்கள் ரவுட்டர்வரை வந்தே சேராது. இதைப் பார்க்காமல்தான் பலர் அப்பாச்சி என்ற வெப் சர்வர் நிரலின் செட்டிங்கை நோண்டிக்கொண்டிருக்கிறார்கள். சேவை நிறுவனத்திடம் மாறாத பப்ளிக் முகவரியான ஸ்டேட்டிக் ஐபி கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கிளவுட்ஃப்ளேர் டனல் நல்ல வழி: இணைப்பு உங்கள் சர்வரிலிருந்து வெளியே போவதால் போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை.

வான் ஐபியும் கூகுள் காட்டியதும் ஒன்றாக இருந்தால் வேலை சுலபம். ரவுட்டரில் முகவரி ஒதுக்கும் டிஹெச்சிபி பகுதியில் சர்வருக்கு 192.168.1.10-ஐ நிரந்தரமாக ஒதுக்கி, வெப் தளங்களுக்கான டிசிபி போர்ட் 80, 443 இரண்டையும் அதற்குத் திருப்புங்கள். டொமைன் வாங்கிய தளத்தில் @ (டொமைனையே குறிக்கும்) என்ற பெயருக்கு ஏ ரெக்கார்டில் பப்ளிக் ஐபி, டிடிஎல் (பிறர் பழைய பதிலை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடி. ஏற்கெனவே அங்கே இருக்கும் பார்க்கிங் பக்கத்தின் (விற்பவர் வைத்த தற்காலிகப் பக்கம்) ஏ, ஏஏஏஏ (ஐபிவி6 முகவரிக்கானது) ரெக்கார்டுகளை மறக்காமல் நீக்குங்கள். விட்டுவைத்தால் சிலருக்கு உங்கள் தளம் வரும், சிலருக்கு விளம்பரப் பக்கம் வரும். காரணம் பிடிபடாமல் மண்டை காயும். ஐபி மாறும் இணைப்பென்றால், ரெக்கார்டைத் தானாகப் புதுப்பிக்க டிடிகிளையன்ட் போன்ற நிரலை ஓடவிடுங்கள்.

வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். நாட் லூப்பேக் (வீட்டுக்குள்ளிருந்தே பப்ளிக் ஐபி வழியாகச் சர்வரை அடையும் வசதி) இல்லாத ரவுட்டரில், வீட்டுக்குள்ளிருந்து டொமைனை அடித்தால் ரவுட்டரின் லாகின் பக்கமே வரலாம். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 'டைம்டு அவுட்' என்றால் பெரும்பாலும் வழியில் ஒரு ஃபயர்வால் தடுக்கிறது, அல்லது சேவை நிறுவனமே போர்ட்டை மூடியிருக்கிறது. 'ரெஃப்யூஸ்டு' என்றால் பெரும்பாலும் கோரிக்கை வந்துவிட்டது, ஆனால் அந்தப் போர்ட்டில் அதை ஏற்கச் சர்வர் நிரல் எதுவும் காத்திருக்கவில்லை.

ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு (பாதுகாப்பான இணைப்புக்கு) இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் போதும். போர்ட் 80 மூடப்பட்டிருந்தால் டிஎன்எஸ்ஸில் சேர்க்கும் உரைப் பதிவான டிஎக்ஸ்டி ரெக்கார்டு வழியாக, டொமைன் உங்களுடையதா என்று சரிபார்க்கும் டிஎன்எஸ்-01 முறையைத் தேர்ந்தெடுங்கள்.